ஹெட்லைட் பல்ப் என்னிடம்தான் இருக்கிறது

பாப்பாவுக்கு,

நம் வண்டி பட்டாணியின் ஹெட்லைட் பல்பை யாரும் திருடவில்லை. எதிர்வீட்டுப் பையன்மேல் சந்தேகப்பட்டு இந்த வாரம் முழுக்க அவனை முறைத்துக்கொண்டே திரிகிறாய். அவன் பாவம். பல்ப் என்னிடம்தான் இருக்கிறது. நீயும் அப்பாவும் கல்யாணப் பத்திரிகை வைக்க வாலாஜாபேட்டைக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான்தான் அதைக் கழற்றி என் டிபன் பைக்குள் ஒளித்துவைத்தேன். நீ திரும்பி வந்து, லைட் எரியாததைப் பார்த்து, வளையத்தைக் கழற்றிவிட்டு, "ம்மா, ஒயர்லாம் நல்லாதான் இருக்கு, பல்பே இல்லம்மா, எவனோ கழட்டிட்டான்" என்று மீட்டரும் கையுமாக அடுப்படியில் வந்து நின்றாய். நான் "அப்படியா" என்று கேட்டுவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தேன். அந்த "அப்படியா"வை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

காரணம் பயம்தான். வேறு எதுவும் இல்லை. அடுத்த வாரம் கல்யாணம் முடிந்து நீ அணைக்கட்டுக்குப் போகிறாய். அங்கிருந்து பாகாயம் ஆஸ்பத்திரிக்குக் காலை டூட்டி. விடிவதற்கு முன்பே கிளம்பினால்தான் நேரத்துக்குப் போக முடியும், அந்த நேரத்து பஸ்ஸை நம்ப முடியாது, பட்டாணியை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாய். மாப்பிள்ளை சரி என்றார். அப்பா சரி என்றார். உன் மாமியார்கூட, "பொண்ணுகூட பீரோ, கட்டில் வரும்னு பாத்தா ஆயில் ஒழுவற வண்டி வருதே" என்று சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். எல்லோரும் ஒத்துக்கொண்ட இடத்தில், அந்த வண்டியை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவளான எனக்கு மட்டும் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. உன் கல்யாணப் புடவையை மடிக்கும்போதுகூட எனக்கு அந்த ரோடுதான் கண்ணில் தெரிந்தது. இரண்டு பக்கமும் கரும்பு, நடுவில் பனி, பின்விளக்கு இல்லாத ஒரு டிராக்டர்.

நான் எப்படிப்பட்ட வண்டிப் பைத்தியம் என்பது உனக்குத் தெரியும். நீ பத்தாவது படிக்கும்போது காயலாங்கடையில் துருப்பிடித்துக் கிடந்த பழைய டூவீலரைத் தள்ளிக்கொண்டு வந்தேன். பச்சைப் பட்டாணி நிறம் என்பதால் நீதான் பேர் வைத்தாய். ஷூ கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் சீரியல் பார்ப்பார்கள், நான் கார்ப்புரேட்டர் கழுவும் வீடியோ பார்ப்பேன். யார் யாரோ எந்தெந்த நாட்டிலோ இருந்து போட்டவை. மொழி புரியாது, கையை மட்டும் பார்ப்பேன். எந்த போல்ட்டை முதலில் தொடுகிறார்கள், எதைத் துடைக்கிறார்கள், எந்த இடத்தில் ஒரு நிமிஷம் யோசிக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும். பக்கத்து மேஜை நசீமா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, ஊர்ல பொம்பளைங்க பொண்ணுக்கு நகை செய்வாங்க, நீ வண்டிக்குச் செய்யறியா" என்று கிண்டல் பண்ணுவாள். அது ஒன்றும் பொய் இல்லை. முதல் மல்டிமீட்டர் வாங்கிய அன்று அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

அந்தப் பைத்தியம்தான் ஹெட்லைட்டில் வந்து முட்டியது. பட்டாணி ஆறு வோல்ட் வண்டி. அதன் டைனமோவில் பிறக்கும் கரண்ட் ரொம்பக் கம்மி. நம் தெருவுக்குக் காலையில் கொஞ்ச நேரம் விடுகிற தண்ணீர் மாதிரி. ஒரு வீட்டில் மோட்டார் போட்டு உறிஞ்சினால் அடுத்த வீட்டுக் குடம் காலியாகவே இருக்கும். அந்தக் கொஞ்சூண்டு கரண்டில்தான் ஹெட்லைட் எரிய வேண்டும், பின்விளக்கு எரிய வேண்டும், ஹாரன் கத்த வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே இன்ஜினுக்குள் பொறி அடிக்க வேண்டும். இன்ஜின் வேகமாக ஓடினால்தான் டைனமோ ஏதாவது கொடுக்கும். வண்டி நின்று உறுமிக்கொண்டிருக்கும்போது அது ஒன்றுமே கொடுக்காது, மொத்தப் பாரமும் பேட்டரிமேல் விழும். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது தெரிந்தது ஒன்றுதான்: பழைய பல்ப் மெழுகுவர்த்தி மாதிரி எரிகிறது, என் பொண்ணு அதை வைத்துக்கொண்டு ஓட்டுகிறாள், பெரிசாக ஒன்று போட வேண்டும்.

போட்டேன். நல்ல பெரிய ஹாலஜன் பல்ப். வீட்டுச் சுவரில் அடித்துப் பார்த்தபோது பகல் மாதிரி இருந்தது. நீயும் நானும் கைதட்டினோம். அன்று சாயங்காலமே ஆம்பூர் பஜாருக்கு எடுத்துக்கொண்டு போனோம். பிரியாணிக் கடை முன்னால் நெரிசல். வண்டி ஊர்ந்தது, நின்றது, ஊர்ந்தது. லைட் மஞ்சளானது, பிறகு சிவப்பானது, பிறகு இன்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றேவிட்டது. பல்ப் குடித்ததுபோக பொறிக்கு மிச்சம் இல்லை. பின்னால் இருந்த ஆட்டோக்காரர், "யக்கா, லைட்டு சூப்பரு, வண்டிதான் வரல" என்றார். நீ ஹேண்டில்பாரில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாய். நானும் சிரித்தேன். இதுவே பெருஞ்சாலையில் நின்றிருந்தால் சிரித்திருப்போமா என்று அப்போது தோன்றவில்லை.

சரி, பெரிய பல்ப் வேண்டாம், கம்மியாகக் குடித்து ஜாஸ்தியாகக் கொடுக்கிற பல்ப் வேண்டும் என்று எல்இடிக்கு மாறினேன். ஆறு வோல்ட்டுக்குக் கிடைப்பது கஷ்டம், தேடித் தேடி வாங்கினேன். வெள்ளை வெளிச்சம் பனியில் பட்டால் முகத்துக்கு நேராகச் சுவர் கட்டின மாதிரி ஆகிவிடும் என்று பழைய வண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் சொன்னதால் மஞ்சள் சாயல் உள்ளதைத் தேர்ந்தெடுத்தேன். பழைய ஒயர் வழியாக, பழைய சுவிட்ச் வழியாக வருகிறபோது பாதி பலம் வழியிலேயே தொலைந்துபோகிறது என்று மீட்டர் காட்டியது. பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர் இழுத்து, நடுவில், சுவிட்ச் சொன்னதும் கரண்டைத் திறந்துவிடுகிற ரிலே ஒன்றை வைத்தேன். இதுவரைக்கும் செய்தது எல்லாம் சரி. ஒரு பிசகும் இல்லை. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறதே. கம்பெனியில் வெட்டித் தள்ளுகிற கட்பீஸ் தோல் இல்லாத வீடு இங்கே எது? குக்கர் பிடி உடைந்தால் தோல், குழாய் ஒழுகினால் தோல் வாஷர், கட்டில் கால் ஆடினால் தோல், செருப்பு, சைக்கிள் சீட், ரிமோட் உறை எல்லாம் தோல். அந்தப் புது ஒயர்க் கட்டு பிளாஸ்டிக் டேப் சுற்றி அசிங்கமாக இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. நல்ல மெல்லிய ஆட்டுத்தோல் எடுத்து, ஓரத்தைச் சீவி மடித்து, ஷூவுக்குத் தைக்கிற மாதிரியே இரட்டைத் தையல் போட்டு, ஹெட்லைட்டிலிருந்து சீட்டு வரைக்கும் ஒரு உறை தைத்தேன். டேப்பையும் பிரித்துவிட்டேன், தடிமனாகத் தெரிகிறது என்று. முடிச்சுகள் எல்லாம் தோலுக்குள்ளேயே வெறுமனே கிடந்தன. போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன். எத்தனை இதயம், எத்தனை கைதட்டல்! அன்று முழுக்க ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போனைப் பார்த்தேன். ஒருத்தர் மட்டும், நனைந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தார். பொறாமை என்று நினைத்து, சிரிக்கிற மூஞ்சி ஒன்றைப் பதிலாகப் போட்டேன்.

போன மார்கழியில் நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் பின்சீட்டிலிருந்து அது எப்படி இருந்தது என்று நான் உனக்குச் சொன்னதே இல்லை. லீவுக்கு வந்துவிட்டு நீ காலை டூட்டிக்குத் திரும்ப வேண்டும், நான் கூட வந்துவிட்டு பஸ்ஸில் திரும்புவதாக ஏற்பாடு. பள்ளிகொண்டா தாண்டியதும் பனி இறங்கியது. உன் தோளுக்கு முன்னால் அந்த மஞ்சள் வெளிச்சம் ஒரு பாயை விரித்த மாதிரி ரோட்டில் கிடந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதை நான் செய்தேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். அப்புறம் பாய் இல்லை. அணையப்போகிறேன் என்று ஒரு சிமிட்டல்கூட இல்லாமல் போய்விட்டது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, நாம் போய்க்கொண்டிருந்தோம், எங்கே போகிறோம் என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். பின்விளக்கின் சிவப்பும் தரையில் விழவில்லை. அதற்கும் பின்னால், பனிக்குள், இரண்டு பெரிய விளக்குகள் வந்துகொண்டிருந்தன. அந்த லாரிக்காரருக்கு நாம் இருப்பதே தெரியாது, பாப்பா. அது மட்டும்தான் எனக்கு ஓடியது. இவருக்கு நாம் இருப்பதே தெரியாது.

நீ பிரேக்கைத் தொடவில்லை. "ம்மா, கெட்டியா புடிச்சிக்கோ" என்று மட்டும் சொன்னாய், யாருக்கோ ஊசி போடப்போகிற குரலில். அந்த லாரியின் வெளிச்சத்தையே கடன் வாங்கி, ரோட்டின் ஓரத்து வெள்ளைக் கோட்டைக் கண்டுபிடித்து, அதையும் தாண்டி மண்ணில் இறக்கினாய். வண்டி குலுங்கியது, முள்செடி காலைக் கிழித்தது, நின்றது. அடுத்த நொடி லாரி நாம் இருந்த இடத்தின் வழியாகப் போனது. அதன் காற்று என் முந்தானையைப் பிடித்து இழுத்தது. நீ, "எறங்கு, ம்மா" என்றாய். நான் "எறங்கிட்டேன்" என்றேன். ஆனால் உட்கார்ந்தேதான் இருந்தேன். உன் சட்டையைப் பிடித்த என் விரல்களை நீ ஒவ்வொன்றாகப் பிரித்தாய். அதை நீ மறந்திருப்பாய். என் விரல்கள் மறக்கவில்லை.

விடிந்தபிறகு வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்தேன். தோல் பனியைக் குடித்து ஊறிப்போயிருந்தது. முடிச்சுகளில் செம்பு தெரியவில்லை, பச்சைப் பூ பூத்திருந்தது. ஒன்றை விரலால் தொட்டேன், உதிர்ந்துவிட்டது. தோல் என்றால் பதனிடும்போதே உப்பும் அமிலமும் பார்த்து வந்த சாமான். எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் உள்ளேயே இருக்கும், ஈரம் பட்டால் வெளியே வந்து உலோகத்தைத் தின்னும். பித்தளை பக்கிள் வைத்த ஷூ கிடங்கில் கிடந்தால் பச்சை பிடிப்பதை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! இதில் என்னால் தாங்க முடியாதது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஷூ டப்பாவுக்குள்ளும் ஈரத்தை உறிஞ்ச ஒரு குட்டிப் பொட்டலம் போடுவார்களே, பேக்கிங் மேஜையில் அதைப் போடுகிற கை என்னுடையது. நாள் முழுக்க எவனோ வெளிநாட்டுக்காரன் ஷூவை ஈரத்திலிருந்து காப்பாற்றிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து, என் பொண்ணு உயிர் தொங்குகிற ஒயரை அதே தோலில் நானே சுற்றினேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லக்கூட எனக்கு வழி இல்லை. தெரியும். அழகு கண்ணை மறைத்தது.

அதன் பிறகு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி செய்தேன், நீயும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். புது ஒயர், சூடு காட்டினால் இறுகிப் பிடிக்கிற பிளாஸ்டிக் குழாய், பின்விளக்குக்குத் தனி ஒயர், தனி ஃபியூஸ். ஒன்று செத்தால் இன்னொன்று சாகக் கூடாது. ஒரு வருஷமாக ஒரு தடவைகூட அது அணையவில்லை. எனக்கு அது போதவில்லை. நீ ஓட்டிக்கொண்டு தெருமுனை திரும்புகிற ஒவ்வொரு தடவையும் என் கண்ணுக்குள் அந்த வெளிச்சப் பாய் சுருட்டப்படுகிறது. இதோ மறுபடி மார்கழி வரப்போகிறது, இந்தத் தடவை நான் பின்சீட்டில் இருக்க மாட்டேன். அதனால்தான் கழற்றினேன். பல்ப் இல்லாவிட்டால் வண்டி போகாது, வண்டி போகாவிட்டால் நீ ஆஸ்பத்திரி ஹாஸ்டலிலேயே இரண்டு மூன்று மாசம் தங்கிக்கொள்வாய், பனிக்காலம் போய்விடும். என் கணக்கு இவ்வளவுதான். கல்யாணமான புதுசில் எந்தப் பெண் ஹாஸ்டலில் தங்குவாள் என்றுகூட யோசிக்கவில்லை. பயந்தவளுக்குக் கணக்கு வராது.

இன்று சாயங்காலம் ரவிக்கை வாங்கிவர டெய்லர் கடைக்குப் போனாய். நடந்துதான் போயிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு மல்லி பறித்துக்கொண்டிருந்தேன். இருட்டிவிட்டது. தெருமுனையில் பட்டாணி வரும் சத்தம் கேட்டது. வெளிச்சம் வரவில்லை. சத்தம் மட்டும் கிட்ட வந்துகொண்டே இருந்தது. அப்புறம் பார்த்தால், உன் போனை ரப்பர் பேண்டு போட்டு ஹேண்டிலில் கட்டி, அதன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு வருகிறாய். முன் சக்கரத்துக்கே போதாத வெளிச்சம். "இன்னாம்மா பேய பாத்த மாதிரி நிக்கற? புது பல்ப் நாளான்னிக்கு வந்துடும், அதுவரைக்கும் இது" என்று சிரித்துவிட்டு உள்ளே போனாய். மல்லியெல்லாம் தரையில் கிடந்தது. நான்தான் கொட்டியிருக்கிறேன்.

அப்பாவிடம் அப்போதுதான் சொன்னேன், அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. என் டிபன் பையை எடுத்துக் கொடுக்கிறவர் அவர்தானே. திட்டுவார் என்று நினைத்தேன். டீயை ஆற்றிக்கொண்டே, "பல்ப எடுத்துட்டா அவ போவாம இருப்பான்னு நெனச்சியா? போவா. இருட்டுல போவா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஒரு வருஷமாக நான் எந்த இருட்டைக் கண்டு பயந்தேனோ, அதை இன்றைக்கு என் கையாலேயே உன் முன்னால் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். போன தடவை அழகுக்காக. இந்தத் தடவை பயத்துக்காக.

அதனால் கேள். ஹெட்லைட் எவ்வளவு தூரம் காட்டுகிறதோ அதற்குள் நிறுத்த முடிகிற வேகத்துக்கு மேல் போகாதே. டூட்டிக்கு லேட்டானால் திட்டு வாங்கு. ஹாரன் அடிக்கும்போது லைட் சிமிட்டினால் பேட்டரி களைத்துவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கே பார். பனியில் டிம்மில் போ, பிரைட் போட்டால் பனிதான் தெரியும், ரோடு தெரியாது. லைட் கண்ணாடியை வாரம் ஒரு தரம் உள்பக்கமும் துடை. அணைக்கட்டு வீட்டில் வாசலுக்கு எதிரே ஒரு மதில் இருக்கிறது, மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தபோதே பார்த்துவைத்தேன். நம் வீட்டுச் சுவரில் சாக்பீஸ் கோடு போட்டு வெளிச்சத்தை நிறுத்துவோமே, அதேமாதிரி அங்கேயும் ஒரு கோடு போட்டுக்கொள். மாமியார் கேட்டால் நான் சொன்னேன் என்று சொல். அவர் சிரிப்பார், நல்ல மனுஷி. இன்னொன்றும் சொல்கிறேன், இது வண்டிக்கு மட்டும் இல்லை. புது வீடு, டூட்டி, சமையல், சொந்தக்காரர்கள் என்று எல்லா சுவிட்சையும் ஒரே நேரத்தில் போடச் சொல்வார்கள். உன் டைனமோ பெரிசு என்று நீயும் நினைத்துக்கொள்வாய். முதலில் பொறிக்கு வேண்டியதை எடுத்து வை. நீ நின்றுபோனால் வெளிச்சம் இருந்து என்ன?

நீ படித்துவிட்டுச் சரி என்றால் இதைக் குழுவிலும் போடப்போகிறேன். அந்தத் தோல் உறையைப் பார்த்து அதேமாதிரி செய்துகொண்டவர்கள் பேரணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் இருக்கிறார்கள், போட்டோ அனுப்பி நன்றிகூடச் சொன்னார்கள். அன்றைக்கு நனைந்தால் என்ன ஆகும் என்று கேட்டவருக்கும் பதில் பாக்கி இருக்கிறது. எதிர்வீட்டுப் பையனிடம் நானே போய்ப் பேசிக்கொள்கிறேன்.

எனக்குப் பயம் போகவில்லை. போய்விட்டது என்று எழுத நினைத்தேன், பொய்யாக இருந்தது. நீ கிளம்புகிற நேரத்துக்கு இங்கே எனக்கு விழிப்பு வந்துவிடும், நீ போய்ச் சேர்கிற நேரம் வரைக்கும் படுக்கையில் உன் கூடவே வந்துகொண்டிருப்பேன், அதை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் என் பயத்தை நான் வைத்துக்கொள்கிறேன். பல்பை நீ வைத்துக்கொள். இந்தக் கடிதத்தோடேயே இருக்கிறது. அதைச் சுற்ற எடுத்ததும் பழக்கதோஷத்தில் கை ஒரு தோல் துண்டைத் தேடிப் போனது. தோலைத் திரும்ப வைத்துவிட்டேன். அப்பாவின் பழைய பனியன் துணியில்தான் சுற்றியிருக்கிறேன். நன்றாகக் காய்ந்த துணி.

அம்மா